கடப்பாடு யாருடையது: தாது ஆண்டுப் பஞ்சம் குறித்த பனுவல்களின் வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

1876–78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பஞ்சம் தமிழ் ஆய்வுகளில் பெரும்பாலும் ‘இயற்கைப் பேரிடர்’ என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்படுகிறது. மழை பொய்த்தது இயற்கை நிகழ்வு. மக்கள் மாண்டது அவ்வாறானதன்று. இப்பஞ்சத்தோடு தொடர்புடைய அரசு ஆவணங்கள், ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’, நல்லதங்காள் கதை, ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ ஆகியவற்றை, பசித்தவனுக்குச் சோறிடும் கடப்பாடு யாருடையது என்னும் ஒரே வினாவின் வழியாக இக்கட்டுரை வாசிக்கிறது. நான்கும் நான்கு விடைகளைத் தருகின்றன. அவ்விடைகளுக்கு வெளியே நிற்பவை எவை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாது ஆண்டுப் பஞ்சம், நிவாரணக் கூலி, கடப்பாடு, திருமுகம், நல்லதங்காள், வெள்ளை யானை, புலம்பெயர்வு

பெயரிடலும் அதன் விளைவும்

ஆங்கில ஆவணங்கள் ‘சென்னைப் பெரும்பஞ்சம்’ என்று இடத்தால் குறித்ததைத் தமிழ் வழக்கு ‘தாது வருடப் பஞ்சம்’ என்று காலத்தால் குறித்தது. தாது ஆண்டு 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. சாவுகள் அதனோடு முடியவில்லை. அடுத்து வந்த ஈசுவர ஆண்டில்தான் காலராவும், மழை திரும்பிய பின் பரவிய காய்ச்சலும், பசியால் நலிந்திருந்த உடல்களைப் பெருந்தொகையாகக் கொண்டுபோயின. அதற்கடுத்த ஆண்டின் பெயர் வெகுதானியம் என்பது பஞ்சாங்கம் அறியாமல் செய்த கேலி. எனினும் மக்கள் நினைவு அவலம் முழுவதையும் தாதுவின் தலையிலேயே ஏற்றியது. அறுபதாண்டுச் சுழற்சியில் ஓர் ஆண்டின் பெயரால் பஞ்சம் அழைக்கப்படும்போது அது மீண்டும் வரக்கூடிய ஒன்றாக, கோள்களின் கணக்குக்குள் அடங்கிய ஒன்றாக மாறுகிறது. கொடும்பாவி கட்டி இழுத்து மழை வேண்டும் வழக்கமும் இந்த மனநிலையோடு இயைந்ததே.

ஆனால் அதே மக்கள் தானியக் கடைகளையும் வண்டிகளையும் கொள்ளையிட்டனர். டேவிட் அர்னால்டு 1984-இல் ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ மூன்றாம் தொகுதியில் எழுதிய கட்டுரை இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தது. மழை தெய்வத்தின் கையில் இருந்தது. விலை வணிகரின் கையில் இருந்தது. இந்த வேறுபாட்டை உழவர் நன்கு அறிந்திருந்தனர். அரசின் பதிவேடுகளோ கொள்ளையைக் ‘குற்றம்’ என்ற பத்தியிலும், சாவைச் ‘சுகாதாரம்’ என்ற பத்தியிலும், விலையை ‘வணிகம்’ என்ற பத்தியிலும் பிரித்து எழுதின. ஒரே நிகழ்வு மூன்று துறைகளின் கோப்புகளாகச் சிதறியது. பஞ்சத்தை இயற்கையின் செயலாகவும், கலவரத்தைத் தனியான சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவும் நோக்கும் இன்றைய பழக்கம் இந்தப் பத்திப் பிரிப்பிலிருந்து வந்தது. தமிழாய்வு இதனை எதிர்க்கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது வருந்தத்தக்கது.

ஒரு பவுண்டு தானியம்

1876-இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பொய்த்தன. பசிபிக் பெருங்கடலின் வெப்ப மாற்றத்தால் உண்டாகும் எல் நினோ அவ்வாண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்பது பின்னாளைய வானிலை ஆய்வு முடிவு. சென்னை, மைசூர், ஐதராபாத், பம்பாய்த் தக்காணம் ஆகிய பகுதிகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

ஒரே மாகாணத்துக்குள் இழப்பு ஒரே அளவினதாக இல்லை. அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 19.7 இலட்சம் மக்கள் இருந்தனர். 1881-இல் 16 இலட்சம் பேரே இருந்தனர். பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மக்கள் மறைந்தனர். காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சாவூர் மாவட்டத்தின் மக்கள்தொகையோ அதே பத்தாண்டில் உயர்ந்தது. வானம் பார்த்த மண்ணும் ஆற்றுநீர் பாய்ந்த மண்ணும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. சென்னையிலிருந்து பேப்பூர் செல்லும் இருப்புப்பாதை 1862-இலேயே சேலம் மாவட்டத்தின் வழியாக ஓடியது. ஆகவே தானியம் வந்துசேர வழியில்லை என்று கூற இடமில்லை. வந்த தானியத்தை வாங்கும் ஆற்றல் கூலியாளிடம் இல்லை.

இந்நிலையில் வைசிராய் லிட்டன் பிரபு 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிளைப் பஞ்சத்துக்கான தனிப் பிரதிநிதியாக அனுப்பினார். இதே டெம்பிள் 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவுகளைப் பெரிதும் தடுத்தவர். அதற்காகவே வீண்செலவு செய்தவர் என்று கண்டிக்கப்பட்டவர். தென்னிந்தியாவுக்கு வந்த டெம்பிள் அந்தக் கண்டனத்தால் உருமாறிய மனிதர். வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும், பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு என அவர் வகுத்த நிவாரணக் கூலி வரலாற்றில் ‘டெம்பிள் கூலி’ என்று பெயர் பெற்றது. அதற்கு ஈடாகக் கடும் உடலுழைப்பு கேட்கப்பட்டது. வீட்டிலிருந்து தொலைவிலுள்ள முகாமுக்கு நடந்துசெல்ல அணியமாயிருப்பவனே உண்மையில் பசித்தவன் என்னும் ‘தொலைவுச் சோதனை’யும் உடன் வந்தது. நடக்க இயலாதவனே மிகவும் பசித்தவன் என்ற எளிய உண்மை அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை.

சென்னையின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதனை எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நிலைக்காது என்பது அவர் வாதம். சிறைக் கைதிகளின் உணவளவை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். மைக் டேவிஸ் 2001-இல் வெளியிட்ட நூலில் டெம்பிள் கூலியின் ஆற்றல் அளவை நாசிகளின் வதைமுகாம் உணவோடு ஒப்பிட்டது பெரிதும் பேசப்பட்டது. அவ்வொப்பீடு வாசகரை உலுக்குகிறது. ஆனால் நோக்கத்தை மறைத்தும் விடுகிறது. வதைமுகாமின் நோக்கம் அழிப்பு. டெம்பிள் கூலியின் நோக்கம் சிக்கனம். அழிக்கும் எண்ணம் இல்லாமலேயே இலட்சக்கணக்கானோரை அழிக்க ஒரு கணக்குப்பதிவு முறையால் இயலும் என்பதே இங்கு அச்சம் தருவது. ஒப்பீடு அதைத் தொடவில்லை.

டெம்பிள்–கார்னிஷ் வாதத்தைத் தமிழாய்வாளர் பொதுவாகக் கொடியவர் ஒருவருக்கும் நல்லவர் ஒருவருக்கும் இடையிலான வழக்காகவே எழுதிவருகின்றனர். சற்று உற்றுநோக்கினால் இருவரும் ஒரே மொழியில் பேசுவது தெரியும். பவுண்டு, அவுன்சு, உடல் எடை, வேலை அளவு ஆகியவையே அம்மொழியின் சொற்கள். ‘ஒருவனை உயிரோடு வைத்திருக்கக் குறைந்த அளவு எவ்வளவு’ என்பதே இருவரின் வினா. 1877-இல் சென்னை அரசு கூலியை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திச் சிறிது பருப்பையும் சேர்த்தது கார்னிஷின் வெற்றி; அதனால் உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரசின் கடப்பாடு ஓர் அளவாக மட்டுமே பேசப்பட்டது. கூலியாகத் தரப்பட்ட ஓரணாவின் மதிப்பைத் தீர்மானிக்கும் சந்தையின்மீது அரசு கைவைக்க வேண்டுமா என்ற வினா எழும்போதெல்லாம் கல்கத்தாவிலிருந்து வந்த விடை ஒன்றே: தனியார் வணிகத்தில் தலையிடலாகாது. பஞ்சத்தின் தொடக்கத்தில் சென்னை அரசு தானே தானியம் வாங்கியதை வைசிராயின் அரசு கண்டித்தது இக்கொள்கையின்படியே. 1877–78-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. அக்கோதுமை பெரும்பாலும் வடநாட்டு விளைச்சல் என்பதால் சேலத்தின் பசியோடு அதனை நேராக முடிச்சிடுதல் அவசரம். ஆனால் தானியம் பசியை நோக்கி நகராமல் விலையை நோக்கி நகர்கிறது என்பதற்கு அதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அமர்த்திய சென் 1981-இல் முன்வைத்த பரிமாற்ற உரிமைக் கோட்பாடு இவ்விடத்தில் துணை செய்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது உணவு இருப்பு 1941-இல் இருந்ததைவிடக் குறைந்திருக்கவில்லை. உழைப்பை உணவாக மாற்றிக்கொள்ளும் ஆற்றலே சிதைந்தது என்றார் சென். தாது ஆண்டில் விளைச்சல் உண்மையிலேயே வீழ்ந்தது; எனவே வங்கத்துக்குச் செய்த விளக்கத்தை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. ஆயினும் யார் இறந்தனர் என்று நோக்கினால் கோட்பாடு பொருந்துகிறது. நிலமற்ற பண்ணையாட்கள், நெசவாளர், கைவினைஞர், ஊர்த்தொழிலாளர் ஆகியோரே முதலில் வீழ்ந்தனர். துணி வாங்குவோர் இல்லாதபோது நெசவாளியின் தறி உணவாக மாறவில்லை. கால்நடைகள் பெருந்தொகையாக மடிந்தன. பஞ்ச காலத்தில் தோல் ஏற்றுமதி பெருகியது. உழவனின் மாடு அவனுக்கு முதலாக இருந்த நிலை மாறித் தோல் வணிகருக்குச் சரக்காக ஆயிற்று.

சொக்கநாதரின் விண்ணப்பம்

அரசின் மொழி அளவை என்றால், தமிழ்ப் புலமை மரபின் மொழி விண்ணப்பம். சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ தாது ஆண்டுப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட எள்ளல் நூல். பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, இறைவன் சிவகங்கை சமீன்தார் துரைசிங்கத்துக்குத் திருமுகம் எழுதி அவர்களை அனுப்பிவைப்பதாக அமைந்தது அதன் கட்டமைப்பு. பாணபத்திரனின் வறுமை தீர்க்கச் சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் திருமுகம் விடுத்த பழைய நிகழ்ச்சியை அது தலைகீழாக்கி வைத்துக்கொண்டது.

இந்நூலை ஆய்வாளர் பலர் நகைச்சுவைக்காகவும் வழக்குச் சொற்களுக்காகவும் பாராட்டியிருக்கின்றனர். அதன் அரசியல் கூர்மை போதிய கவனம் பெறவில்லை. பழைய திருமுகத்தில் இறைவன் ஒரு பாணனுக்காகப் பரிந்துரைத்தான். கொடுக்கும் ஆற்றல் அவனுக்கும் உண்டு, மன்னனுக்கும் உண்டு. புதிய திருமுகத்தில் இறைவனே இயலாதவனாகிறான். கோயிலின் வருவாயும் கொடையின் மரபும் வற்றிய காலத்தில் தெய்வமும் இரவலர் வரிசையில் நிற்கிறது. மழை தராத தெய்வத்தைப் பழிப்பது போன்று தோன்றும் இந்த எள்ளல், உண்மையில் தெய்வத்தைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, பழியை மண்ணுக்குக் கொண்டுவருகிறது.

அப்பழி எவர்மேல் சென்று நிற்கிறது என்பதில்தான் நூலின் எல்லை தெரிகிறது. கடப்பாடு சமீன்தாருக்குரியது என்பது அதன் உள்ளார்ந்த நம்பிக்கை. பெருவாழ்வுடையவன் பசித்தவனைக் காக்க வேண்டும் என்னும் பழைய அறம் இங்கு உயிர்ப்போடு இருக்கிறது. ஆனால் நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பின் சமீன்தார் என்பவர் குறித்த தவணையில் பேஷ்குஷ் செலுத்தக் கட்டுப்பட்டவர். தவறினால் சமீனே ஏலத்துக்கு வரும். வள்ளலாக விளிக்கப்படும் மனிதர் உண்மையில் வரிவசூலின் ஒரு கண்ணி. திருமுகம் சரியான கேள்வியைத் தவறான முகவரிக்கு அனுப்பிற்று என்றுகூடச் சொல்லலாம். சரியான முகவரியாகிய கல்கத்தா, தமிழில் எழுதப்பட்ட திருமுகத்தைப் படிக்காது என்பதும் உண்மையே.

அண்ணன் வீட்டு அடுப்பு

நல்லதங்காள் கதை தாது ஆண்டுக்குரியதன்று. அதன் காலத்தை உறுதிசெய்ய இயலாது. எனினும் பஞ்சம் பற்றிய தமிழ் நினைவின் ஆழத்தில் இருப்பது அதுவே என்பதால் இவ்வரிசையில் அதற்கு இடமுண்டு. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில், ஏழு பிள்ளைகளோடு மானாமதுரையிலிருந்து அர்ச்சுனாபுரத்துக்கு அண்ணன் நல்லதம்பி வீடு தேடி வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி சோறு மறுக்கிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள் தங்கை.

இக்கதையை அண்ணி–நாத்தனார் பகையாகவோ தாய்மையின் அவலமாகவோ படிப்பதே வழக்கம். பொருளியல் நோக்கில் படித்தால் வேறொன்று புலப்படும். கதையில் ஊரெல்லாம் பஞ்சம் இல்லை. நல்லதம்பியின் வீட்டில் தானியம் இருக்கிறது. பிறந்த வீட்டு உறவின் பெயரால் அத்தானியத்தின்மீது தங்கைக்கு உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை எழுத்தில் இல்லை, அண்ணன் வீட்டில் இருக்கும்போது மட்டுமே செல்லுபடியாவது. திருமணத்தோடு பெண் தாய்வீட்டுச் சொத்திலிருந்து நீக்கப்படுகிறாள். சீரும் விருந்துமே எஞ்சிய உரிமை. பஞ்சம் அந்த எச்சத்தைச் சோதித்து, அதன் மதிப்பின்மையைக் காட்டிவிடுகிறது. சென் கோட்பாட்டில் குடும்பத்துக்குள் உணவு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது போதுமான அளவு விளக்கப்படவில்லை என்று பின்வந்தோர் குறை கூறினர். பெயர் தெரியாத கதைப்பாடகர் அந்த இடத்திலிருந்தே தொடங்கியிருந்தார்.

கதையின் முடிவில் நல்லதம்பி தன் மனைவியைத் தண்டித்துத் தானும் மடிகிறான். பழி முழுவதும் ஒரு பெண்ணின் மேல் இறங்குகிறது. கடப்பாட்டை உறவுக்குள் தேடும் பனுவல், அது தவறியதற்கான காரணத்தையும் உறவுக்குள்ளேயே, அதிலும் வந்தேறிய பெண்ணிடமே கண்டுபிடிக்கிறது. சொத்து முறை தப்பித்துக்கொள்கிறது.

பனிக்கட்டியும் கோச்சு வண்டியும்

ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ 2013-இல் வெளிவந்தது. நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் வெட்டப்பட்ட பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் இறங்கியது வரலாற்றுச் செய்தி. அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கு உழைத்த ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தையும், செங்கல்பட்டுப் பகுதியின் பஞ்சத்தையும் அயர்லாந்துக்காரனான காவல் அதிகாரி ஏய்டனின் பார்வையில் நாவல் இணைக்கிறது. ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனும், அயோத்திதாசரின் இயற்பெயரைத் தாங்கிய காத்தவராயனும் அதில் நடமாடுகின்றனர்.

துரைகளின் கோப்பைக்குக் கடல்கடந்து பனிக்கட்டி வந்துசேரும் அதே ஊருக்குப் பக்கத்தில் கேழ்வரகு வந்துசேரவில்லை என்னும் முரணை மையமாக்கியதே இந்நாவலின் பெரும்பேறு. போக்குவரத்து இல்லாமையால் பஞ்சம் வந்தது என்ற வாதத்தை வேறெந்த ஆய்வுக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக உடைத்ததில்லை. பஞ்சத்தில் மாண்டோரின் சாதியைப் பேசியதும், வெள்ளை ஆட்சியோடு உள்ளூர் வணிகரையும் நிலவுடைமையாளரையும் குற்றக்கூண்டில் ஏற்றியதும் தமிழ்ப் புனைவில் அரிய செயல்கள்.

ஆனால் பஞ்சம் பெரும்பாலும் கோச்சு வண்டியின் பலகணி வழியாகவே காணப்படுகிறது. காண்பவனுக்குப் பெயரும் இளமையும் காதலும் குற்றவுணர்வும் இருக்கின்றன. சாகின்றவர்கள் திரளாக இருக்கின்றனர். வில்லோபி வாலஸ் ஹூப்பர் அப்பஞ்சத்தின்போது எடுத்த ஒளிப்படங்களிலும் இதே அமைப்பைக் காணலாம். எலும்பும் தோலுமான உடல்கள் குழுவாக அமர்த்தப்பட்டு, பெயரின்றி ஒளிப்படக் கருவியை நோக்கி வைக்கப்பட்டன. நாவலாசிரியரின் நோக்கம் ஹூப்பரின் நோக்கமன்று. இரக்கத்தின் ஆழத்தில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. எனினும் கண்ணின் நிலை ஒன்றே. ஏய்டன் தன் மனச்சான்றை இறக்கிவைக்க அறிக்கை எழுதுகிறான். அறிக்கை என்பது அரசின் இலக்கிய வகை. கடப்பாட்டை மனச்சான்றிடம் ஒப்படைத்த நாவல், அம்மனச்சான்று பேசுவதற்குக் கோப்பின் வடிவத்தையே நாட வேண்டியதாயிற்று. கார்னிஷின் நிழல் ஏய்டன்மேல் விழுந்திருக்கிறது.

பட்டியலில் இல்லாதவர்கள்

நான்கு விடைகளுக்கும் புறத்தே நிற்பது பசித்தோர் தாமே எடுத்த முடிவுகள். பம்பாய்த் தக்காணத்தில் டெம்பிள் கூலியை மறுத்து நிவாரணத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்குத் துணைநின்றது. சென்னை மாகாணத்தில் முகாமில் சமைத்த உணவைச் சாதி காரணமாக மறுத்தோர் பலர். அவர்களுக்கு ஊரிலேயே பணம் வழங்க, பட்டியல் எழுதும் பொறுப்பு மணியக்காரரிடமும் கர்ணத்திடமும் வந்தது. யார் பசித்தவர் என்பதை ஊரின் அதிகாரம் முடிவு செய்தது. சேரியின் பெயர்கள் அப்பட்டியலில் எவ்வாறு ஏறின, எவ்வாறு விடுபட்டன என்பது தனி ஆய்வுக்குரியது.

ஓங்கோல் பகுதியில் அமெரிக்கப் பாப்டிஸ்டு ஊழியர் ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து மாதிகா மக்களுக்கு வேலை அளித்தார். 1878 சூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். இதனை ‘அரிசிக் கிறித்தவம்’ என்று எள்ளுவது எளிது. கூலியோடு மரியாதையும் கிடைத்த இடத்தை நோக்கி மக்கள் நகர்ந்தனர் என்று படிப்பதே சான்றுகளோடு பொருந்தும்.

போரும் இக்கதையில் உண்டு. பஞ்சத்துக்குப் பின் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் பஞ்சக் காப்பு நிதி 1878-இல் அறிவிக்கப்பட்டது. வணிகர்மீது உரிம வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் ஆப்கானியப் போர் தொடங்கியது. போர்ச் செலவு ஏறியபோது பஞ்சத்தின் பெயரால் திரட்டப்பட்ட பணம் சொன்ன பயனுக்கு முழுமையாகச் செல்லவில்லை என்ற குற்றச்சாட்டு லிட்டனை நீங்கவில்லை. பேரிடரும் போரும் வெவ்வேறு நூல்களில் எழுதப்படுகின்றன; கருவூலத்தில் அவை ஒரே பேரேட்டில்தான் இருந்தன.

தஞ்சை நெல் நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குக் கப்பலேறுவது அக்காலத்து வழக்கம். தோட்டத் தொழிலாளரின் உணவு அது. சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரைப் பகுதிகளின் பசித்த குடும்பங்கள் பஞ்ச ஆண்டுகளில் பெருந்திரளாக இலங்கைக்குச் சென்றன. நெல் தம்மைத் தேடி வராததால் நெல் சென்ற திசையில் அவர்கள் நடந்தனர். அங்கே 1869 முதல் காப்பிச் செடிகளின் இலைகளில் துருநோய் பரவிக்கொண்டிருந்தது. பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் இறங்கியது அழிந்துகொண்டிருந்த ஒரு தொழிலில்.